இரண்டாவது வரிசைக்குக் கீழே

மச்சி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ இருந்தவரை சொல்ல வாய் வரவில்லை. இப்போது நீ திருப்பிக் கேட்க முடியாது என்பதால் தைரியம் வந்துவிட்டது. என் பள்ளிக்கூட வேனை உன் ஷெட்டில் சர்வீஸுக்கு விடுகிற ஒவ்வொரு தடவையும், முந்தின நாள் சாயங்காலமே என் பெண்டாட்டி சரசுவின் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவேன். பேட்டரியில் ஒரு சிவப்புப் பொட்டு. டயர்களின் உள்பக்கம் ஆளுக்கொரு பொட்டு. ஸ்டெப்னி, ஹாரன், வைப்பர் என்று எதையும் விடமாட்டேன். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு நீ பழசை மாட்டிவிடுவாயோ என்று பயம். வண்டி திரும்பி வந்ததும் மறுபடி அடியில் படுத்துப் பொட்டுகளைச் சரிபார்ப்பேன். தலையில் நரை விழுந்த ஆம்பளை, பெசன்ட் நகர் தெருவில், வாக்கிங் போகிறவர்கள் பார்க்க, வண்டிக்கு நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

இன்று காலை என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு மெக்கானிக் நினைவு கிரீஸ் நாற்றத்தில் வரும். எனக்கு இப்படி.

நீ அதைக் கண்டுபிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மந்தைவெளிச் சந்தில், உன் ஷெட் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாய்.

"இன்னா மச்சி, வண்டிய பொண்ணு பாக்க வராங்களா?"

"அது துரு புடிக்காம இருக்க அடிச்சேன்."

"பேட்டரி டப்பா பிளாஸ்டிக்குடா. அதுக்கு இன்னா துரு?"

"எல்லாத்துக்கும் ஒரு சேஃப்டிதான்."

"அப்ப அடுத்த தபா மெரூன் அடி. மஞ்ச வண்டிக்கு சிவப்பு எடுப்பா இல்ல."

அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவில்லை, முகம் சுளிக்கவில்லை, பேட்டரியை எடுத்த இடத்தில் மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். எனக்கு அதுதான் உதைத்தது. தப்பே செய்யாதவனாக இருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்க வேண்டாமா? அந்த வாரம் முழுவதும் இதையே யோசித்து, அடுத்த தடவை மெரூனே அடித்தேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். படித்தவர்கள் ஏமாந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். என்னைப் போன்றவன் ஏமாறாமல் இருக்க வேண்டுமென்றால் எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தக் கண்ணை உன் மேல்தான் அதிகம் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தது நீதானே.

உனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் நீ மனிதர்களைச் சந்தேகப்பட்டதில்லை, தண்ணீரையும் காற்றையும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வந்தாய். நான் வழக்கம்போல அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் சொல்லி ஹோஸ் பைப்பை இழுத்து வேனின் உள்தரையில் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கொண்டுவரும் கடற்கரை மணல், பிஸ்கட் தூள், யாராவது எடுத்த வாந்தி எல்லாம் போக வேண்டுமே. மற்ற வேன்காரர்கள் பெருக்குவதோடு சரி. நான் தினமும் கழுவுகிறவன் என்று அம்மாமார்களிடம் எனக்கு நல்ல பெயர். நீ வந்து பைப் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாய்.

"மச்சி, இது தண்ணியா, ஊறுகா ஜாடியா?"

"போர் தண்ணிடா. இந்தத் தெரு ஃபுல்லா இதான்."

"இத்த ஊத்தி ஊத்தி வண்டிய உப்புக்கண்டம் போட்டுக்கினு கீற. கடல் காத்து பத்தலன்னு நீ வேற. ஈரத் துணில தொடை, அப்பறம் காஞ்ச துணில தொடை. போதும்."

"ஆமா, நான் கழுவறத வுட்டுட்டா வாட்டர் வாஷுக்கு உன் ஷெட்டுக்கு வருவேன்னு பாக்கறியா?"

"வா. வேணான்னா சொன்னேன்?"

உன் பேச்சைக் கேட்கவில்லை, வேறு வழி பார்த்தேன். புதுப்பேட்டையில் தடியான ரப்பர் மேட் ஒன்று வாங்கி, தரை முழுவதும் விரித்து, நாலு ஓரமும் பசை போட்டு ஒட்டினேன். இனிமேல் மேலே கழுவலாம், கீழே தண்ணீர் இறங்காது. நீ அதைப் பார்த்த முதல் பார்வையிலேயே தலையை ஆட்டினாய்.

"இத்த ஒட்டவே கூடாதுடா. உள்ள பூந்த ஈரம் எப்படி வெளிய வரும்? மூடி வச்சா துரு உள்ளயே குடும்பம் நடத்தும். கிளப்பு, ஒரு தபா பாத்துடறேன்."

என் மேட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வாங்கினது உன் மூலமாக இல்லையே, அந்த வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசி மழை விட்டதும் சர்வீஸுக்குக் கொண்டுவந்து விட்டேன். எப்போதும் காலையில் விட்டால் சாயங்காலம் தருகிறவன், அந்தத் தடவை இரண்டு நாள் வைத்துக்கொண்டாய். வண்டியில் ஏறினதும் கருகின வாசனை. அதற்கு மேலே மல்லிகைப்பூ வாசனை. பார்த்தால் முன்பக்கம் ஒரு சென்ட் பாட்டில் ஒட்டியிருக்கிறது. வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதற்கே நக்கல் அடிக்கிற ஆள் நீ.

"இன்னாடா கருகின வாசன?"

"ஒண்ணும் இல்ல. எடுத்துனு போ."

"ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் சென்ட் பாட்டிலு?"

"பசங்களுக்கு நல்லா இருக்கும்னு."

"ஒயரிங்க எரிச்சுட்ட. அத்த மறைக்கற. மூஞ்சிலயே எழுதிக் கீது."

நீ கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தாய். பிறகு, "உனக்கு ஒருத்தனயாவது நம்பத் தெரியுமா மச்சி?" என்றாய். "உன்ன நம்பறதுக்கு நான் இன்னா கேனையா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

போகிற வழியிலேயே அடையாறில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் ஒயரிங் முழுவதையும் காட்டினேன். ஒரு கம்பிகூடக் கருகவில்லை என்றான். அப்போதாவது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒயரிங் எரியவில்லை என்றால் வேறு என்ன எரிந்தது? அடியில் படுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கருப்பாக, புதிதாகத் தார் பூசின மாதிரி இருந்தது. பொட்டுகளைப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. எழுந்து வந்துவிட்டேன்.

நாலு மாதம் பேசவில்லை. தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கு உன் சந்து முனையைத் தாண்டித்தான் போவேன். தாண்டும்போது பக்கக் கண்ணாடியில் பார்ப்பேன், நீ பார்க்கிறாயா என்று. பார்த்தாய். நானும் ஹாரன் அடிக்கவில்லை, நீயும் கை காட்டவில்லை. மாசியில் ஒரு காலை கடைக் கதவைத் தூக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஐஸ் பெட்டிக்குள் உன்னைப் பார்த்தபோது உதட்டோரம் லேசாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. இவன் இன்னும் எதையோ மறைக்கிறான் என்று தோன்றியது மச்சி. அங்கே நின்று இப்படி நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கோடை லீவில் எஃப்சி எடுக்க வேண்டிய நேரம் வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ ஆபீஸில் காட்டி வாங்குகிற அந்தச் சான்று இல்லாவிட்டால், பள்ளி திறந்ததும் எனக்குப் பிழைப்பு கிடையாது. நீ இல்லையே என்று ஆழ்வார்பேட்டையில் ஒரு ஏசி ஷெட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பையன் என்னை "சார்" என்றான். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தான். வண்டியைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, "பாடி சூப்பரா இருக்கு சார், மேல இன்னொரு கோட்டிங் அடிச்சிடலாம்" என்றான். எனக்குக் காபி இறங்கவில்லை. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பாடி சூப்பர் என்று எப்படிச் சொல்கிறான்? மேட்டைக் கிளப்பிப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டானா? நீ கேட்டாய். அந்த இடத்தில்தான் முதல் தடவையாக நீ கேட்டது எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் சரசுவும் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டைப் பிடித்து இழுத்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.

"அந்த மனுசன் உயிரோட இருக்கும்போது கிளப்பச் சொல்லிச்சு. இப்பதான் உனக்கு ஒறைக்குதா?" என்றாள்.

"இழுடி. பேசாம இழு."

கதவோரம் துரு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. இரண்டாவது வரிசைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஜன்னலோரமாக, இரண்டு கை அகலத்துக்கு ஒரு புதுத் தகடு. சுற்றிலும் வெல்டிங் வைத்து, தேய்த்து, துரு பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதற்கு மேல் கருப்பு அடித்து, என் மேட்டையும் மறுபடி ஒட்டியிருக்கிறாய். ஸ்பேனரால் தட்டினேன். மற்ற இடம் ஈரப் பலகை மாதிரி சத்தம் கொடுத்தது. தகடு கோவில் மணி மாதிரி கொடுத்தது. அந்தத் தகடு இல்லையென்றால் அங்கே தரையே இல்லை.

அது நித்யாவின் இடம். இரண்டாம் வகுப்பு. உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது, அடையாறு பாலம் தாண்டுகிறவரை ஷூவால் தரையை உதைத்துக்கொண்டே வரும். நான்தான் தினமும், "இன்னா பாப்பா, கீழ் வீட்டுக்காரனக் கூப்பிடறியா?" என்று கிண்டல் செய்வேன். சரசு மேட்டின் முனையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னையும் உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை, மந்தைவெளிக்குப் போனேன்.

உன் வீட்டுக்காரியிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. "தங்கச்சி, ஐப்பசில என் வண்டி ரெண்டு நாள் இங்க இருந்துச்சே" என்று இழுத்தேன். உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்து வந்தாள். முன்பக்கமெல்லாம் நெருப்புப்பொறி பட்ட பொட்டுப் பொட்டான ஓட்டை.

"இந்தக் கோலத்துலதான் வந்துச்சுண்ணா. இன்னாய்யா இதுன்னு கேட்டேன். பசங்க காலு வைக்கிற எடம், பாத்துட்டு எப்படி சும்மா வுடறதுன்னுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அதத்தான் நானும் கேட்டேன். சொன்னா நீயே ஓட்டை போட்டுட்டு நீயே அடைக்கிறன்னு சொல்லுவான். ரோட்டுல நின்னு கத்துவான், பசங்க வீட்டுக்குத் தெரிஞ்சா அவன் பொழப்பு போயிடும்னுச்சு. அவனுக்கு இருக்கிற சந்தேகத்துக்கு அவனே ஒரு நாளு மேட்டக் கிளப்பிப் பாப்பான், பாத்துட்டு வருவான், அன்னிக்கு வச்சிக்கலாம் கச்சேரின்னு சிரிச்சுச்சு."

நாலு மாதம் அதற்காகத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது. நான் ஒயரிங்கைச் சந்தேகப்பட்டேன், சென்ட் பாட்டிலைச் சந்தேகப்பட்டேன், உன் உதட்டோரத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். காலுக்குக் கீழே இருந்த மேட்டை மட்டும் நம்பினேன்.

கதவோரத் துருவை உன் பழைய கூட்டாளி ஒருவரிடம் காட்டி வெட்டி எடுத்துத் தகடு வைத்தேன். வைக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன், அந்தப் புத்தி போகாது. பிறகு நித்யாவின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என் வாயால் சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. "இப்போ சரியா இருக்கோன்னோ?" என்று மட்டும் கேட்டார். "கிளப்பிப் பாருங்கம்மா" என்றேன். புடவையைச் சொருகிக்கொண்டு வண்டியில் ஏறி, மேட்டைத் தூக்கி, செருப்புக் காலால் நாலு மிதி மிதித்துப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பள்ளி திறந்த அன்று குழந்தையை அனுப்பியும் விட்டார்.

இப்போது மேட்டை ஒட்டுவதில்லை. ஞாயிறுதோறும் கிளப்பி வெயிலில் போட்டு, ஈரத் துணி, காய்ந்த துணி. தரையில் தண்ணீர் வடிய ரப்பர் மூடி போட்ட ஓட்டைகள் இருப்பதே எனக்கு இத்தனை வருடம் தெரியாது. அதையும் கழற்றிக் காய வைக்கிறேன். யாரையும் நம்பாத குணம் அப்படியேதான் இருக்கிறது மச்சி. ஆனால் இப்போது அது என்னிடமிருந்து ஆரம்பிக்கிறது. யாரையாவது திட்ட வாயைத் திறக்கும்போது, இல்லாத அழுக்கை நீ துடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கை கண்ணில் வருகிறது. பாதிப் பேச்சில் நிறுத்திவிடுகிறேன். எதிராளி ஒன்றும் புரியாமல் பார்க்கிறான்.

எஃப்சியையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். உள்ளே ஏறித் தரையை மிதித்தார். பிறகு குனிந்து டார்ச் அடித்து, கையை நீட்டி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். வெளியே எடுத்தபோது சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. "இது இன்னாயா லீக்கு, ஆயிலா?" என்று கேட்டு முகர்ந்து பார்த்தார். சரசு கொடுத்தனுப்பிய சாப்பாட்டுக் கூடை சீட்டுக்கு அடியில் சாய்ந்திருந்தது. காய வைத்த ரப்பர் மூடிகளை நான் தரை ஓட்டைகளில் திரும்பப் போட்டிருக்கவில்லை. "ரசம் சார்" என்றேன். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, எஃப்சி பேப்பரில் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் மோர் வாங்கி ஊற்றிச் சாப்பிட்டேன்.