கடையில் வாங்கிய காகிதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், என் கட்டைவிரல் கதவிடுக்கில் நசுங்கிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள், வரிக்கு வரி என்னைத் திருத்தி உயிரை வாங்குகிறாள். விரல் தேறி வருகிறது, கவலைப்படாதே. தாள் புதிதாக இருக்கிறதே என்று யோசிப்பாய், அதற்குத்தான் வருகிறேன்.

போன மாதம் அப்பாவின் பேப்பர் மில்லில் டீசல் இறக்கும்போது லாரியின் குழாய் கழன்று தரையெல்லாம் ஓடிவிட்டது. எண்ணெய்க் கிடங்குக்கு அப்பாதான் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். பேப்பர் மில்லில் துடைக்கத் துணியா தேடுவார்கள், வெட்டி விழுந்த ஓரக் காகிதத்தை அள்ளிப் போட்டு ஒற்றி எடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை டிரம்மில் அடைத்து அபாயக் கழிவு அறையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் கீழே கிடக்கிற காகிதம் எதுவானாலும் கூழ்த் தொட்டிக்கே திரும்ப வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய கை அல்லவா, அப்பாவும் யோசிக்காமல் "எல்லாத்தையும் தொட்டியில தள்ளுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். அது கூழாகி, காகிதமாகி, கட்டுக் கட்டாக அடுக்கியும் ஆகிவிட்டது. வழக்கம்போலத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு கட்டு கொடுத்தார்கள். அதில் சரித்திரப் பாடம் எழுதிக்கொண்டிருந்த உன் தங்கை, "அப்பா, தாள்ல பொட்டுப் பொட்டா கண்ணாடி மாதிரி தெரியுது, மோந்து பாத்தா லாரி வாசனை" என்றாள். அப்பா அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு மறுநாள்தான் மில்லில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கழிவு ஆய்வு. காலையில் அப்பா மேனேஜரிடம் சொன்னதற்கு, "ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கு, வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாராம். வந்த ஆய்வாளருக்கு உன் வயதுதான் இருக்குமாம். போட்ட நாற்காலியில் உட்காராமல் ஒவ்வொரு டிரம் மூடியையும் திறந்து பார்த்திருக்கிறாள், சாக்கடை மூடியைத் தானே தூக்கி மண்டியிட்டு மோந்திருக்கிறாள். தரையில் ஒரு சொட்டு இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது அப்பா, "மேடம், டீசல் தரையில இல்ல, காகிதத்துல இருக்கு, தள்ளச் சொன்னது நான்தான்" என்று சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லையாம், பேனாவை மூடிவிட்டு, "எத்தனை கட்டு வெளிய போச்சு?" என்று மட்டும் கேட்டாளாம். வாசலில் காகிதம் ஏற்றிக் கிளம்ப நின்ற இரண்டு லாரியையும் அங்கேயே நிறுத்தினாள். தொட்டியைக் கழுவ நான்கு நாள் மில் நின்றது.

அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஒன்பது நாள். அவரோ தெருத் தெருவாகப் போய்த் தொழிலாளர் வீடுகளில் இருந்த கட்டுகளைத் திரும்ப வாங்கி வந்தார், ஒருத்தர் விடாமல் "உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை" என்று கேட்டார்கள். நம் வீட்டுக் கட்டையும் விடவில்லை, உன் தங்கை "சரித்திரத்தையே பிடுங்கிட்டுப் போறீங்க" என்று அழுதாள். எனக்குக் கோபம்தான், ஆனாலும் இப்படி ஒருவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

நேற்று மில்லிலிருந்து கடிதம் வந்தது. கிடங்குப் பொறுப்பு போய்விட்டது. அபாயக் கழிவு அறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறைக்கு இவர்தான் வேண்டும் என்று அந்த ஆய்வாளர் பெண்ணே அறிக்கையில் எழுதினாளாம். அப்பா இன்று காலை சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

நீயும் வேலையில் கை தவறினால் அன்றைக்கே சொல்லிவிடு, ஒரு நாள் தள்ளினால் நாக்கு எழாது. உன் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொள், தள்ளிப் போடாதே. நீ எங்கிருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

அக்கா, இது நான். நம் வீட்டுக்குக் கடையில் காகிதம் வாங்கியது இதுதான் முதல் முறை. கொடுக்கும் முன் அப்பா ஒவ்வொரு தாளையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் "பொட்டு இல்ல, எழுது" என்றார்.