பட்டியலில் என் வீட்டுக் கதவு எண்

9-6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். சீருடை இஸ்திரிக்கு. யாழினிக்கு ஷூ வாங்க வேண்டும். ஏழாம் வகுப்புக்குள் என் அளவு வந்துவிட்டது.

ஸ்டேஷனில் கூட வேலை பார்க்கும் மேரி போனைக் காட்டினாள். காவலர் பணிமூப்புப் பட்டியல், இணையதளத்தில். என் பெயர், செல் நம்பர், வைத்திக்குப்பம் வீட்டுக் கதவு எண் வரை.

“யார் வேணா பாக்கலாமாடி?”

“யார் வேணாலும்.”

விவாகரத்தாகி நாலு வருடம். யாழினியின் அப்பாவுக்கு இந்த வீடு தெரியக் கூடாது என்றுதான் மூன்று முறை மாறினேன்.

10-6, செவ்வாய்
தலைமை ஆபீசில், முகவரியை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தேன். ஆபீஸ் சூப்பரின்டென்ட் படிக்கவில்லை. “எல்லாம் வெளிப்படையா இருக்கணும்மா. நீயே போலீசு. நீ பயந்தா எப்படி?”

அதே தளத்தில் அதிகாரிகள் பட்டியலும் பார்த்தேன். அவர்கள் பெயருக்கு எதிரே அலுவலக முகவரி மட்டும்.

13-6, வெள்ளி
வந்துவிட்டான். பட்டப்பகலில்.

நான் கடற்கரைச் சாலையில் பந்தோபஸ்து. யாழினி காய்ச்சலோடு வீட்டில் தனியாக. கீழ் வீட்டு அஞ்சலை அக்கா, மீன் விற்பவர், போன் செய்தார். “ஒருத்தன் பொம்மைய வச்சிக்கினு நிக்கறாம்மா. அப்பனாம்.”

“கதவ தொறக்க உடாதக்கா. வந்துட்டேன்.”

கிளம்ப அனுமதி கிடைக்கப் பத்து நிமிடம். யாரோ பெரிய மனிதர் நடைப்பயிற்சி முடிக்கவில்லை.

போனபோது அக்கா அரிவாள்மணையோடு மாடிப்படியில். அவன் போயிருந்தான். கதவிடுக்கில் பட்டியலின் ஒரு பக்கம். என் வரியில் மஞ்சள் கோடு.

யாழினி அழவில்லை. “அப்பா குரல் மாறவே இல்லம்மா” என்றாள்.

14-6, சனி
என் ஸ்டேஷனிலேயே புகார். புகார் எழுதும் ரைட்டர் ஏட்டு கேட்டார்: “பொம்மதான கொண்டாந்தான். அடிச்சானா?” அன்று அவன் என் கையை உடைத்தபோது, “குடும்பத்துல சகஜம்” என்று சொன்னதும் இவர்தான்.

புகார் கொடுக்க வந்த எத்தனை பெண்களிடம் நானும், “அட்ரஸ சத்தமா சொல்லும்மா” என்றிருக்கிறேன். புருஷன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே.

18-6, புதன்
தளத்திலிருந்து பட்டியலை எடுத்துவிட்டார்களாம். அது எத்தனை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறதோ.

ஊரின் மறுபக்கம், கதிர்காமத்தில் ஒரு வீடு பார்த்தேன். ஜன்னல் ஒன்றே ஒன்று. போதும். யாழினிக்குப் பள்ளி மாற்ற வேண்டும். சிநேகிதிகளிடம் சொல்லக் கூடாது என்றேன். “நாம என்னம்மா தப்பு பண்ணோம்?” பாத்திரங்களை மூட்டை கட்டினேன்.

23-6, திங்கள்
குடிவந்தாயிற்று. கிளம்பும்போது, எங்கே போகிறோம் என்று அஞ்சலை அக்கா கேட்கவில்லை. “சொல்லாத. நான் ஒளறிடுவேன்” என்று யாழினியின் தலையைத் தடவினார்.

மதியம் ஆபீசில் கூப்பிட்டார்கள். வீடு மாறினால் புது முகவரி எழுதித் தர வேண்டுமாம், விதி. சூப்பரின்டென்ட் பேனாவை நீட்டினார். “எழுதும்மா. வெளிய போகாது.”

எழுதிக் கொடுத்தேன். கதவு எண்ணோடு.