தில்லையின் கதையை எனக்கு மட்டும் சொன்னவளுக்கு

என் செல்லத் தனத்துக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆச்சு. தில்லையோட சீரியலும் போன ஞாயித்துக்கிழமை முடிஞ்சு போச்சு. அன்னியிலேர்ந்து பேனாவை எடுக்கறதும் வைக்கறதுமா இருக்கேன்.

அழுதுகிட்டே எழுதறேன்னு நினைச்சுக்காதே. அழுகையெல்லாம் முடிஞ்சது. இப்ப இருக்கறது பொறாமை. செத்துப்போனவளுக்காக இன்னொருத்தியோட மல்லுக்கு நிக்கற பைத்தியத்தை நீ எங்கயாவது பார்த்திருக்கியா? இருக்கேன், ரெட்டியார்பாளையத்துல.

இதைப் படிக்கறவங்களுக்கு நம்ம ரெண்டு பேரையும் தெரியாது. அதனால கொஞ்சம் சொல்லிடறேன், நீ பொறுத்துக்கோ. சேதராப்பட்டு மாத்திரை கம்பெனி பஸ் தினமும் காலையில நம்ம ரெண்டு பேரையும் ஒரே நிறுத்தத்துல ஏத்திக்கும். நீ ஜன்னலோரம், நான் உன் பக்கத்துல. ஒன்பது வருஷமா அந்த சீட்டுல வேற யாரும் உட்கார்ந்ததில்ல. சாப்பாட்டுப் பையை மடியில வெச்சதும் நான் கேட்கற முதல் கேள்வி ஒண்ணுதான்: “நேத்து தில்லை என்னடி பண்ணா?”

எங்க வீட்டுல சாயங்காலம் ஏழு மணிக்கு ரிமோட் மாமியார் கையில இருக்கும். அவங்களுக்கு வேற சேனல், வேற சீரியல். அதனால தில்லையை எனக்கு உன் வாயாலதான் தெரியும். மாமியார் தன் பொண்ணு வீட்டோட போயிட்ட பிறகு, “இனிமே நானே பார்த்துக்கறேன்டி”ன்னு உன்கிட்ட சொன்னேன். உன் முகம் அப்படியே வாடிடுச்சு.

“நீ பார்க்காதக்கா. நான் சொல்றேன். நீயும் பார்த்துட்டா அப்புறம் பஸ்ஸுல நாம என்னத்தப் பேசறது?”

எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு பெருமை தெரியுமா? எனக்குன்னு ஒருத்தி தினமும் கதையைப் பத்திரமாக் கொண்டுவர்றாளேன்னு. அதனால நான் பார்க்கவே இல்ல. ஒரு தடவை பின் சீட்டுப் பொண்ணு, “தில்லை அப்படியா செஞ்சா? நான் பார்க்கலையே”ன்னு இழுத்தா. நீ சட்டுன்னு திரும்பி, “நீ பாதியில தூங்கியிருப்ப”ன்னு ஒரு போடு போட்ட. பஸ்ஸே சிரிச்சது. நானும் சிரிச்சேன்.

என் வீட்டுக்காரர் போன மறு வருஷம் ஞாபகம் இருக்கா? அவரோட அண்ணன், என் மூத்தார், நடு வீட்டுல நின்னு, “பொண்ணைக் கூட்டிக்கிட்டு உன் அம்மா வீட்டுக்குப் போயிடு. இது எங்க அப்பா கட்டின வீடு”ன்னுட்டார். துணியெல்லாம் மூட்டை கட்டிட்டேன். பஸ்ஸுல உன்கிட்ட சொல்லி அழுதேன். நீ என் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டு சேதராப்பட்டு வரைக்கும் வந்த.

அந்த வாரமே ஒரு நாள் காலையில நீ ஆரம்பிச்ச. “அக்கா, தில்லையையும் அவ மூத்தார் வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டான்கா.”

“ஐயோ, அழுதாளா?”

“அதான் இல்ல. அவன் கத்தி முடிக்கற வரைக்கும் நின்னு கேட்டா. அப்புறம், ‘யோசிச்சு சொல்றேன் மாமா’ன்னுட்டு உள்ள போயிட்டா. மறுநாள் காலையில பதிவு ஆபீசுக்குக் கெளம்பறா. வீட்டுப் பத்திரத்துக்கு நகல் கேட்டு மனு கொடுக்கப் போறா. அதுல அவ புருஷன் பேரும் இருக்குமில்ல?”

எனக்கு அப்படி ஒரு வழி இருக்குன்னே அதுவரைக்கும் தெரியாது. மறுநாளே லீவு போட்டுட்டு நானும் பதிவு ஆபீசுக்குப் போனேன். அப்புறம் மூணு மாசம் அலைஞ்சேன். தில்லையும் மூணு மாசம் அலைஞ்சா. என்னை நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பின வாரம் அவளையும் திருப்பி அனுப்பினாங்க. நான் போதும்டா சாமின்னு உட்கார்ந்த அன்னிக்கு, “தில்லைக்கும் கால் வலிக்குதுக்கா, ஆனா போறா”ன்ன. கடைசியில நகல் கைக்கு வந்துச்சு. என் வீட்டுக்காரர் பேரும் அதுல இருந்துச்சு. தில்லை செஞ்ச மாதிரியே நானும் அதை மூத்தார் சாப்பிடற தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். அவர் படிச்சார். கையைக் கழுவிட்டு எழுந்து போனார். இன்னிக்கும் நான் இருக்கறது அதே வீடுதான்.

அப்புறம் ஒரு நாள் நீ தலைவலின்னு படுத்த. மூணே நாள். ஆஸ்பத்திரி வாசல்லேயே எல்லாம் முடிஞ்சுடுச்சு.

உன் காரியத்தன்னிக்குத்தான் அவளைப் பார்த்தேன். நோணாங்குப்பம் விஜயா. போட் ஹவுஸ் பக்கத்துல மீன் வறுத்து விக்கறவளாம். உன் படத்துக்கு முன்னால விழுந்து அவ அழுத அழுகையில, யாருடா இது, தனத்துக்கு நமக்குத் தெரியாத சொந்தம்னு நினைச்சேன். கேட்டேன். மூக்கைச் சிந்திக்கிட்டே, “தில்லை சீரியல் பார்க்கறவங்க குரூப் ஒண்ணு வெச்சிருக்கோம்கா, போன்ல. தனம்தான் அதுல உயிரு. தினமும் ஏழரை மணிக்கு வாய்ஸ் போடுவா. நாங்க சீரியலைவிட அவ வாய்ஸுக்குத்தான் காத்துக்கிட்டிருப்போம்”ன்னா.

ஏழரை மணிக்கு. அதாவது எனக்குச் சொல்றதுக்குப் பன்னெண்டு மணி நேரம் முன்னால.

ஒண்ணு போட்டுக் காட்டினா. உன் குரல்தான். ஆனா நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. “விஜயாக்கா, தினம் அரை மணி நேரம் பார்க்க நல்லாத்தான் இருக்கு. மொத்தமாச் சேர்த்துப் பாரு, இதுல என்ன கதை இருக்கு? ஒரு மண்ணும் இல்ல!” அவளையும் நீ அக்கான்னு கூப்பிட்டிருக்க. அந்த ஒரு வார்த்தை போதும், அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

என் போன்ல உன் வாய்ஸ் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. “அக்கா, பஸ்ஸு போயிடுச்சா?” அவகிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்கு. ஏன் தனம்? என்கிட்ட ஒரு நாள்கூட, இப்படி ஒரு குரூப் இருக்குதுன்னு ஏன் சொல்லல?

சீரியல் முடியப்போறப்ப விஜயா கூப்பிட்டா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் கடைசி எபிசோடு, எல்லாரும் அவ வீட்டுல சேர்ந்து பார்க்கறாங்க, தனம் இடத்துல நீங்க வரணும்னா. போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். உன் இடத்துல வேற யாராவது உட்கார்ந்துடுவாளோன்னு போனேன்.

டிவி பக்கத்துல உன் படம். பொட்டு வெச்சு, பூ போட்டு. கடற்கரையில காத்துல முடி பறக்க நிக்கற. அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்ல. யார் எடுத்ததுன்னு கேட்கல, கேட்டா அவ, “நான்தான்”னு சொல்லிடுவாளேன்னு பயம்.

அஞ்சு பேர் உட்கார்ந்து பார்த்தோம். தில்லைன்னு ஒருத்தி பட்டுப்புடவையில நின்னுக்கிட்டு எல்லாரையும் மன்னிச்சா. மூத்தார் அழுதான். எல்லாருமாச் சேர்ந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க. வணக்கம் போட்டு முடிச்சுட்டாங்க.

“ஒன்பது வருஷம் உட்கார்ந்து பார்த்ததுக்கு இதுதானா?”ன்னா ஒருத்தி. “மூணு தடவை ஞாபகம் போச்சு அவளுக்கு. ரெண்டு தடவை செத்துப் பொழச்சா. நடுவுல ஆளையே மாத்தினாங்க”ன்னா இன்னொருத்தி. “ஒவ்வொரு நாளா கேட்டா பிடிச்சுதுன்னுதான் சொல்லுவேன். முழுக் கதையும் பிடிச்சுதான்னு கேட்டா இல்ல”ன்னா விஜயா. அப்புறம் உன் படத்தைப் பார்த்துக்கிட்டே, “தனம் இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா”ன்னா.

எனக்குத் தாங்கல. “தனம் அப்படிச் சொல்லமாட்டா”ன்னேன். “முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நல்ல கதை இது. மூத்தார் போகச் சொன்னப்ப தில்லை பத்திரத்துக்கு நகல் வாங்கி அவன் தட்டுப் பக்கத்துல வெச்சாளே, அந்த மூணு மாசம் போதாதா?”

எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

“எந்த நகல்?”னா விஜயா.

சொன்னேன். பதிவு ஆபீசு, மனு, அலைச்சல், கால்வலி எல்லாத்தையும் சொன்னேன். “அப்படி ஒரு சீன் வரவே இல்லையேக்கா”ன்னா ஒருத்தி மெதுவா. நீங்க பாதியில தூங்கியிருப்பீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். விஜயா அதுக்குள்ள போன்ல அந்தப் பழைய எபிசோடைத் தேடி எடுத்துட்டா. என் மடியில வெச்சா. தில்லை மூத்தார் கால்ல விழறா. பொட்டியைத் தூக்கறா. மழையில நடந்து போறா. பதிவு ஆபீசும் இல்ல, நகலும் இல்ல.

அடியே தனம்! அப்ப நீ சொன்ன மத்ததெல்லாம்? தில்லை ஐஸ் கம்பெனி நடத்தினது? மகளைத் தனியா டவுனுக்கு அனுப்பிப் படிக்க வெச்சது? ஒவ்வொண்ணாக் கேட்டேன். விஜயா ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டினா. இல்ல. இல்ல. அதுவும் இல்ல.

அப்பத்தான் அவ முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலயும் காரியத்துலயும் என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்துச்சு. “எங்ககிட்ட ஒரு நாளும் அவ இப்படியெல்லாம் சொன்னதில்லக்கா. திட்டுவா, சிரிப்பா. அவ்வளவுதான்.” “மிச்சத்தையும் சொல்லுங்கக்கா.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு”ன்னு எழுந்துட்டேன். உண்மையைச் சொல்றேன், வாசல் தாண்டறப்ப மனசுல ஒரு குதூகலம். அவளுக்கு உன் பேச்சு கிடைச்சுது, எனக்குத்தான் கதை கிடைச்சுது. பஸ்ஸுல உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைச்சுது. பதிவு ஆபீசுக்குப் போற வழியை எனக்குச் சொன்னது தில்லை இல்ல, நீ. “நீ போய்க் கேளுக்கா”ன்னு நேரா சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீ எங்க யாரை விசாரிச்ச, எத்தனை பேர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொன்ன? இனிமே யார்கிட்ட போய்க் கேட்கறது?

புதன்கிழமை நான் வேலை முடிச்சு வர்றப்ப விஜயா என் வீட்டு வாசல்ல நிக்கறா. கடையை மூடிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா.

“ஒண்ணு கேட்பேன், கோவிச்சுக்கக்கூடாது. தனம் சொன்ன கதையில நீங்க ஒண்ணு சொல்லுங்க. நான் அவ வாய்ஸு ஒண்ணு தர்றேன்.”

தர்றாளாம்! ஏதோ அவ வீட்டுச் சொத்து மாதிரி. வேணாம்னு சொல்லத்தான் நினைச்சேன். ஆனா உன் குரலுக்கு அலையறேனே. உள்ள வான்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். தில்லை ஐஸ் கம்பெனியில வேலைக்காரங்க முன்னால முதல் தடவையா வாய் திறந்து பேசின நாளைச் சொன்னேன், நீ சொன்ன மாதிரியே, கையை ஆட்டி. அவ டீயைக் குடிக்க மறந்துட்டு வாயைப் பொளந்து கேட்டா. முடிஞ்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “இதைத்தான் எடுத்து வெச்சேன்”னு போனை என் காதுல வெச்சா.

சிரிப்பே இல்லாத உன் குரல். “விஜயாக்கா, இன்னிக்கு இவ கால்ல விழுந்துட்டு பொட்டியோட போயிட்டா. பாவி மவ. நாளைக்குக் காலையில பஸ்ஸுல இதை நான் எப்படிச் சொல்லுவேன்?”

அவ்வளவுதான். விஜயா, “யார்கிட்ட சொல்லணும்னு அன்னிக்கு நான் கேட்கவே இல்லக்கா”ன்னா. “இன்னொரு தடவை போடு”ன்னேன். போறப்ப அந்த வாய்ஸை என் போனுக்கு அனுப்பிட்டு, ஆறிப்போன டீயைக் குடிச்சுட்டுப் போனா. நல்லவதான் தனம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இனிமே வாராவாரம் புதன்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கா. உன்மேல ஆணையா, நீ எனக்குச் சொன்ன தில்லையை ஒரு வார்த்தை மாத்தாம அவளுக்குச் சொல்றேன். நீ விட்டுட்டுப் போன இடத்துக்கு மேல நானா ஒண்ணும் சேர்க்கமாட்டேன். ஆனா பத்திரத்துக்கு அலைஞ்ச அந்த மூணு மாசத்தை மட்டும் இனிமே அவ திரும்பக் கேட்டாலும் சொல்றதா இல்ல. அன்னிக்கு ஆத்திரத்துல கொட்டினது போதும். அது கதை இல்ல. அது நீ எனக்குன்னு செஞ்சது, அதுல பங்கு தரமாட்டேன்.

இப்படிக்கு,
விஜயாவுக்கு முன்னாலயே உனக்கு அக்காவான
குமுதா