ஓரத்து மங்கல் வெளிச்சம்

இன்று காலை ஒன்பதே காலுக்குக் கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் மொத்தமாக நின்றன. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. ராஜபாளையமே சலித்துக்கொள்ளும் அந்த நாளைத்தான் நாம் இருவரும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருப்போம். தறிகளின் அதிர்வு இல்லாமல் நம் ஆய்வக மேஜை அசையாதிருப்பது அன்று மட்டும்தானே. லேசரையும் கேமராவையும் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் உன் பக்கம் திரும்பினேன். நீ காய்ச்சலில் இறந்துபோய் எட்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உன் வீட்டுத் தறியில் ஓடும் பேண்டேஜ் துணியிலிருந்து உருவிய இழைதான் நம் மாதிரி. அதில் பட்டுச் சிதறும் லேசரைக் கேமரா பதிவு செய்யும். ஆனால் அதற்கு வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அலை ஏறி வந்ததா, இறங்கி வந்ததா என்பதைத் தொலைத்துவிடும். தொலைந்ததைக் கணக்குப் போட்டு மீட்டால்தான் இழையின் உருவம் கிடைக்கும். இதைச் சொன்னதும் உன் அப்பா, "பாதியத் தொலைச்சிட்டுத் தேடுறதுக்கா ரெண்டு பேரும் இம்புட்டுப் படிச்சிய?" என்றார். சிரித்ததில் உனக்குப் புரையேறிவிட்டது.

எனக்கோ எதையும் துடைத்து வைக்கும் புத்தி. பதிவின் ஓரங்களில் கிடந்த மங்கல் புள்ளிகளைத் தூசி என்று நினைத்து வெட்டிவிட்டேன். படம் வழுவழுவென்று வந்தது. வீட்டுக்குப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு உன்னிடம் காட்டினேன்.

"ஏட்டி, நல்லா வெளுத்து வச்சிருக்கியே! நுணுக்கம் அம்புட்டும் அந்த ஓரத்துலதான கெடக்கு. அதப் போயி வெட்டிட்டியே."

அடுத்த மின்தடை நாளில் கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்து, அந்த மங்கலையும் சேர்த்துப் பிடித்தோம். ஒற்றை இழையாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்து நின்றது. நீ என் முதுகில் அடித்த அடி மறுநாளும் வலித்தது.

இதழுக்கு அனுப்பிய நம் ஆய்வுக் கட்டுரை போன வாரம் திரும்பி வந்தது. இரண்டு இழை என்பது கணினியின் கற்பனையாம், மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்தார். நம் ஆய்வு வழிகாட்டி மெதுவாகச் சொன்னார்: "அந்தப் படத்த எடுத்துட்டுப் பழசப் போட்ருவோம்மா. அந்தப் பிள்ளதான் இல்லையே. பேரையும் கடைசில நன்றிப் பகுதியில போட்டுக்கிடலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "படமும் இருக்கும் சார், அவ பேரும் மொதல்ல இருக்கும். இல்லேன்னா என் பேரையும் எடுத்துருங்க." அவர் கட்டுரையை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

இன்று இழையைக் கால் சுற்றுத் திருப்பி வைத்து, முதலிலிருந்து அளந்தேன். கற்பனையாக இருந்தால் பிளவு பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். அது இழையோடு சேர்ந்து திரும்பியது. ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகிப்போயின. சேர்த்தேன், மறுபடி இரண்டு. சந்தேகப்பட்ட அந்த மதிப்பீட்டாளருக்கு நான்கு பக்கம் பதில் எழுதினேன். ஒரு வரியிலும் பணியவில்லை. மங்கலாகத் தெரிவதை இல்லை என்று சொல்ல இனி எவரையும் விடமாட்டேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான்.

அனுப்பும் முன் இதழின் படிவத்தில் உன் பெயருக்கு நேரே ஒரு குறியிட்டு, கீழே விவரம் கேட்டார்கள். 'காலமானார்' என்று எழுத வேண்டும். நான்கு பக்கத்தை ஒரே மூச்சில் எழுதிய நான், அந்த ஒரு சொல்லை மூன்று முறை தட்டி, மூன்று முறையும் அழித்தேன்.