துணி பிழிகிறவளின் சிலை

கொட்டாரம்,
ஞாயிறு, கோவிலில் ஆராதனை முடிந்து வந்த பிறகு.

அன்பு மகள் ஷைஜாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி கிளி பிடிக்காமல் சுகமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதே. வீடியோவில் நான் மூக்கைச் சொறிந்தால்கூட அம்மாவுக்குக் கோபம் என்று முடிவு கட்டிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு படித்த சஜிதா இந்த வாரம் பிரான்சுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதையும் நான் சுட்ட முந்திரிக்கொத்தையும் கொடுத்துவிடுகிறேன், எல்லாவற்றையும் சிலை செய்கிற உன் மேடத்துக்கே தூக்கிக் கொடுத்துவிடாதே. இங்கே மழை விட்டபாடில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் வயலில் அறுப்பு மிஷின் சேற்றில் புதைந்துவிட்டது, அப்பா கோட்டாற்றுக் கடைக்குப் போகிற வழியில் இறங்கி யோசனை சொல்லப் போய், வேட்டியெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார். மிஷின் அங்கேயேதான் நிற்கிறது.

கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு சொலாஞ் மேடத்தின் பட்டறையில் முழுநேரமும் சிலை செய்யச் சேரட்டுமா, அம்மா சரியென்றால்தான் சேருவேன் என்று கேட்டிருந்தாய். பதில் சொல்லாமல் இழுத்தேன், உண்மைதான். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா, மகள் பிரான்சில் சிலை செய்கிறாள் என்று கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு கட்சிக்காரர், எங்கள் தலைவருக்கு ஒரு மார்பளவுச் சிலை செய்து தருவாளா, தங்கக் கலர் நாங்களே அடித்துக்கொள்கிறோம் என்று கேட்டுவிட்டுப் போனாராம். அங்கேயிருந்து பேச்சு கோவிலுக்கு வந்து, குளோரி மாமி காதுக்கும் போய்விட்டது. அப்பாவின் அக்கா என்கிற உரிமையில் மைனி நேரே அடுக்களைக்கு வந்து, "ஏட்டி நேசம், நம்ம குடும்பம் விக்கிரகத்த உட்டுட்டு வந்து நாலு தலமொற ஆச்சு, உன் மொவ பிளேன் ஏறிப் போயி திரும்பத் தொடங்கிட்டாளாம்லா" என்றார்கள். அதோடு விட்டார்களா, பெண்கள் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கவும் வைத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். விக்கிரகம் உண்டாக்க வேண்டாம் என்று சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்த கட்டளையாயிற்றே. பெற்ற பிள்ளை தப்பான வழியில் போகிறாளோ, நானே சரி என்று சொல்லி அனுப்பிவிடுவேனோ என்று தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் மேடத்தைப் பற்றி நீ தமிழில் எழுதி அனுப்பியதை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். அவருடைய அம்மா ஊரார் துணியைத் துவைத்து, தேய்த்துக் கொடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மேடம் வாஷ்பேசின் செய்கிற கம்பெனியில் வேலைக்குப் போய், மிச்சம் விழுகிற சாந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குழைத்துக் குழைத்துச் சிலை செய்யப் படித்தாராம். பாதி ஆயுசு வரைக்கும் ஒருத்தரும் ஒன்றும் வாங்கவில்லையாம், ஆனாலும் விடவில்லை. தேவதையும் இல்லை, ராஜாவும் இல்லை, எல்லாம் துணி துவைக்கிறவள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவள், பாரம் தூக்கி நிமிர முடியாதவள். பீடமே வைக்கமாட்டாராமே. நம் ஊரில் பீடமும் கம்பிக் கூண்டும் இல்லாத சிலை ஏது? இவர் செய்தவள் பஸ் நிறுத்தத்தில் வெறும் தரையில் நிற்கிறாள், ஜனங்கள் பக்கத்தில் பையை வைத்துவிட்டு நிற்கிறார்கள்.

நீ அனுப்பிய சிலைப் படங்களை அப்பா டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மைனி கறிவேப்பிலை கேட்டு வந்தார்கள். துணி பிழிகிறவளின் சிலை திரையில் இருந்தது. மைனி திட்டப்போகிறார்கள் என்று நான் வாயைத் திறக்குமுன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்கள். அவர்களுக்கு இருக்கிற இடுப்பு வலி உனக்குத் தெரியுமே. "இவளுக்கு வலது பக்கம் இடுப்பு புடிச்சிருக்குட்டி, அதான் இடது கால்ல பாரத்தப் போட்டு நிக்கா" என்றார்கள். தன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்கள். பிறகு, "இதப் போயி எவளாவது கும்பிடுவாளா? அந்தால போயி வாளியில கெடக்க ரெண்டு துணிய நாமளும் புழிஞ்சு குடுக்கணும்னுல்லா தோணுது" என்றார்கள். எனக்கு நெஞ்சில் இருந்த கல் அந்த நிமிஷம் இறங்கியது மக்கா. மைனி உனக்கான ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்காதே, இப்போது நீ எழுதியிருந்த மேடத்தின் தோள்பட்டை வலிக்கும் சேர்த்து ஜெபம் நடக்கிறது.

ஆகவே என் பதில், போய்ச் சேர்ந்துகொள். சம்பளம் குறைவு என்றாய், அது எனக்குக் கவலைதான், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் நீ சந்தோஷமாகப் பேசிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது, இப்போது சாந்து, கம்பி, அச்சு என்று மூச்சுவிடாமல் பேசுகிறாய். விசா சங்கதியை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு வேலையை விடு. சாந்து கையை வறட்டும், தினமும் தேங்காய் எண்ணெய் தேய். தூசியில் மூக்கை மூடாமல் நிற்காதே, உனக்குச் சின்ன வயதிலேயே மூச்சு இழுப்பு உண்டு. ஒன்று மட்டும் என் மனதில் தைத்துவிட்டது. மேடம் தன் அம்மாவை ஒரு நாளும் எதிரே உட்காரவைத்துப் பார்த்துச் செய்ததில்லை, அம்மா இறந்துபோன பிறகு நினைவில் வைத்துத்தான் இத்தனை சிலையும் செய்கிறார், இன்னும் அம்மாவின் கழுத்து மட்டும் சரியாக வரவில்லை என்கிறார் என்று கடைசியில் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன்.

ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காத்து, நீ தொட்டதையெல்லாம் துலங்கச் செய்வாராக. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது சிலை செய்கிற உன் சாமான்களைக் கொண்டுவர மறக்காதே. மண் இங்கேயே வயலில் எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி, நிற்க முடியாது, நாற்காலி போட்டு உன் எதிரே உட்காருகிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்காருகிறேன். கழுத்தை நன்றாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
நேசம்மாள்