நாளை தபாலில் சேர்க்கவேண்டிய உறை

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கவேண்டும் என்று எழுதிவைக்கிறேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். தடுப்பூசி போட்ட பிறகு யாருக்கு என்ன ஆனாலும் எங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வரும், நான் எழுதிக்கொள்வேன். எதையும் தள்ளக்கூடாது என்பது விதி. போன வாரம் ஒரு அம்மாள், ஊசி போட்டதிலிருந்து வீட்டுக்காரர் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார், இது பக்கவிளைவா என்று கேட்டாள். அதற்கும் ஒரு எண் கொடுத்தேன். பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

உன் புகாருக்கும் ஒரு எண் உண்டு. என் பெண்டாட்டி சொல்லச் சொல்லக் கேட்காமல் குழந்தைக்கு ஊசி போட்டு வந்தாள், அன்று மதியமே போய்விட்டான், அவள்தான் கொன்றாள் என்று எழுதியிருந்தாய். அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திய கையோடு எழுதியது. நம் வீட்டு விவகாரம் என்பதால் அந்தக் கோப்பை என்னைத் தொடவிடவில்லை. ஆனால் முடிவை உறையில் போட்டு ஒட்ட வேறு ஆள் கிடையாது. பசை என் இலாகா. ஒட்டுமுன் படித்துவிட்டேன். தப்புதான்.

உன் பையனுக்குப் போட்ட அதே தொகுதி மருந்து போட்ட நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் வீடுகளிலும் விசாரித்தார்கள். காய்ச்சல், அழுகை, கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். மருந்து இருந்த குளிர்பெட்டியிலும் குறையில்லை. பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் பால் இருந்திருக்கிறது. விசாரிக்க வந்த டாக்டரிடம் நீ சொன்னது அடுத்த பக்கத்தில்: பொண்டாட்டி நல்லா தூங்கிட்டிருந்தா சார், நான்தான் பால் புட்டிக்குத் தலையணைய முட்டுக் குடுத்து புள்ள வாயில வச்சிட்டு, போன் பேசப் போனேன்.

அவளைச் சோம்பேறி என்று காட்டத்தான் அதைச் சொன்னாய்.

திங்கள்தோறும் அவள் இங்கே போன் செய்கிறாள். நான்தான் எடுப்பேன். என்னாலயா மாமா என்று ஒரே கேள்வி. இன்னும் முடிவாகலம்மா என்பேன். ஊர்வம்பு பேசியே வளர்ந்த வாய்க்கு அதற்குமேல் வருவதில்லை.

முடிவு தாயின் பெயருக்குத்தான் போகும். இந்தக் கடிதத்தை இன்று அனுப்புகிறேன். அந்த உறையை நாளைதான் கொடுப்பேன். அண்ணனால் உனக்காகத் திருட முடிந்தது அந்த ஒரு நாள்தான்.

போ. உள்ளே விடாவிட்டால் வாசலில் நில். தபால்காரர் சொல்வதற்கு முன் நீ சொல்லிவிடு. அவள் அடித்தால் வாங்கிக்கொள். அடிக்காவிட்டாலும் உடனே திரும்பி வந்துவிடாதே.

நல்லபடியாகப் போய்ச் சேரடா.

உன் அண்ணன்