கேட்டில் சொல்ல வேண்டிய ரகசியம்

ஜூன் 12, வியாழன்

வைஷ்ணவி பள்ளிக்கூடத்தில் புதுச் சட்டம். பிள்ளையைக் கூட்டிவரப் போகிறவர் கேட்டில் ரகசியச் சொல் சொல்ல வேண்டும். பிள்ளையே எழுதிக் கொடுக்கலாமாம். மூன்றாம் வகுப்பு மேதை எழுதிக் கொடுத்திருப்பது: "அப்பா இன்னைக்குப் பாக்கு போடலை."

"ஒரு சொல் போதாதா பாப்பா?"

"இதுதான் உங்களுக்கு மறக்காது."

என் மனைவி மகாலட்சுமி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். புகையிலைப் பாக்கு போடுகிறவன் நான்; சிரிப்பு அவளுக்கு.

ஜூன் 13

வாட்ச்மேன் ஜெபராஜுக்குக் காது மந்தம். "சத்தமா சொல்லுங்க சார்!" கத்தினேன். ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்கு இப்போது தெரியும். எனக்கும் முப்பது பிள்ளைகளின் ரகசியம் தெரியும்.

ஜூன் 18

கேட் முன்னாடி, சமயபுரத்துக்குக் கோஷம் போட்டு நடக்கிற கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. "அப்பா இன்னைக்கு—" என்று நான் எடுத்தால், ஆட்டோக்காரர்கள் "பாக்கு போடலை!" என்று முடிக்கிறார்கள். ருக்ஸார் என்று ஒரு தாய், "அண்ணே, எங்க வீட்டுக்காரர் சிகரெட்டுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். எலெக்‌ஷனில் நின்றுவிடலாமா?

ஜூன் 23

பாக்கை விட்டுப் பத்து நாள். நாக்குக்குக் காரம் தெரிகிறது.

ஜூன் 26

போட்டுவிட்டேன்.

புத்தூர் பட்டறையில் ஒரு கேட்டை அளவு மாற்றி வெல்டிங் வைத்துவிட்டேன். முதலாளி எல்லார் முன்னாடியும் கிழித்தார். கால் தானாகப் பெட்டிக்கடைக்குப் போனது. அப்புறம் வாய் கொப்பளித்து, கிராம்பு மென்று, நல்லவன் மாதிரி பள்ளிக்கூடம் போனேன்.

உள்ளே பையோடு வைஷ்ணவி. "அப்பா இன்னைக்கு—" என்றதோடு நிறுத்திவிட்டேன். மறந்துவிட்டதென்று நினைத்து மொத்தக் கூட்டமும் எனக்காகக் கத்தியது.

"அவங்க சொன்னா செல்லாது. நீங்க சொல்லுங்க சார்" என்றார் ஜெபராஜ்.

"இன்னைக்குப் போட்டேன் அண்ணே."

ஜெபராஜ் நோட்டைப் பார்த்தார். "தப்பு சார். போடலைன்னுதான் இருக்கு." பிள்ளையை விடவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மகாலட்சுமி பஸ் பிடித்து வர முக்கால் மணி நேரம். அதுவரை கம்பிக்கு அந்தப் பக்கம் வைஷ்ணவி, இந்தப் பக்கம் நான். சிறையில் யார் என்றுதான் புரியவில்லை. கடைசியில் கேட்டாள்:

"எத்தனை?"

"ஒண்ணு."

ஜூன் 30

வைஷ்ணவி ரகசியச் சொல்லை மாற்றிவிட்டாள். இனி ஜெபராஜ் "எத்தனை?" என்று கேட்பாராம். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் விட்டுவிட வேண்டுமாம். டீச்சர் கையெழுத்தே போட்டுவிட்டார். ஜெபராஜ் புலம்புகிறார்: "எதைச் சொன்னாலும் சரின்னா, இது என்ன ரகசியம் சார்?"

"ஒண்ணுமில்லை" என்றேன். நிஜம்தான்.

ஜூலை 4

"பாதி. மிச்சத்தைத் துப்பிட்டேன்" என்றேன். ஆட்டோக்காரர்கள் ஒருவரும் கத்தவில்லை. கேட் திறந்தது. வைஷ்ணவி வந்து பையை என் கையில் கொடுத்தாள்.